வலையைக் கரையில் விட்டுப் போனவருக்கு

கண்டக்குழி,
13.08.2023

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் இங்கே இருக்கிறோம். நீங்கள் அக்கரைச் சிறையில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நாளும் மன்றாடுகிறோம். ஜூன் மாதம் நீங்கள் போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. கடலட்டை கடத்தியதாகப் போட்ட வழக்கை இன்னும் தவணை போட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பிடிபட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது, அண்ணா.

மச்சாள் ஏன் ஒரு வரி கூட எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ஏப்ரலிலேயே எழுதினார். சிலாபத்தில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் சிங்களத்தில்தானே எழுதுவார்? சிங்களம் வாசித்துப் பார்க்கச் சிறையில் ஆள் இல்லை என்ற குறிப்போடு அந்தக் கடிதம் ஜூலையில் திரும்பி வந்துவிட்டது. “சொல்லுங்க மச்சாள், நான் தமிழில எழுதுறன்” என்றேன். “புருசனுக்கும் பொஞ்சாதிக்கும் நடுவுல நீ என்ன கிராம சேவகரா?” என்று கேட்டார். உங்களுக்குத்தான் அவர் வாய் தெரியுமே.

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. படகுகள் கரையில்தான். வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓடுகிறார்கள். மச்சாள் சமைக்கிற லொட்ஜில் ஒரு அறை கூடக் காலி இல்லை. தலவிலத் திருநாளுக்குப் போய் வந்தோம். பூசை முடியும் வரை நிற்க முடியாமல் மச்சாள் மணலில் உட்கார்ந்துவிட்டார். முதுகு நோவு. வேலை கூடிவிட்டது, அதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
நிஷாந்தினி


10.09.2023

அன்புத் தங்கச்சி நிஷாந்தினிக்கு,

அண்ணன் நலம். நீயும் அல்பொன்சாவும் நலமாக இருக்கவேண்டும். படகில் வந்த எங்கள் மூவரையும் ஒரே கூடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சமையலறையில் வேலை. காலையில் ஒரு மூட்டை வெங்காயம் உரிக்கவேண்டும். கண் எரிந்தாலும் நேரம் போகிறது. போனில் வெளிநாட்டுக்குக் கதைக்க இங்கே விடுவதில்லை. உன் கடிதம் ஒன்றுதான்.

முதுகு நோவு என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை மூன்று தரம் வாசித்தேன். உடம்பு கொதிக்கக் காய்ச்சல் வந்தபோது கூடத் திருநாளில் அவள் உட்காரவில்லை. டெங்கு என்று பிறகுதான் தெரிந்தது. வேப்பெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடு. அந்த லொட்ஜ் வேலையைக் கொஞ்ச நாள் விடச் சொல்லு. நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொல்லு.

அவளுக்கு என்மேல் கோபம் என்றால் அதையும் எழுது. நான் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

அண்ணன்,
றொபின்சன்


கண்டக்குழி,
02.10.2023

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கண்டு ஆறுதல். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதுமுன், நின்றுகொண்டு வாசிக்கிறீர்கள் என்றால் எங்காவது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மச்சாளுக்குப் புற்றுநோய். இடது மார்பில் தொடங்கியிருக்கிறது. ஜூலைக் கடைசியில் லொட்ஜ் குசினியில் சட்டியைத் தூக்கியவர் கை வலித்துக் கீழே போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு நான்தான் பிடிவாதமாகச் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். மார்புத் தோல் தோடம்பழத்தின் தோல் மாதிரிக் குழி குழியாகத் தடித்துப் போயிருந்தது. அக்குளில் கட்டி. புத்தளம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முள்ளந்தண்டுக்கும் ஈரலுக்கும் போய்விட்டதாம். நான்காம் கட்டம் என்கிறார்கள். ஐந்தாம் கட்டம் என்று ஒன்று இல்லை, அண்ணா. நான் கேட்டேன்.

ஆகஸ்ட்டில் உங்களுக்கு எழுதும்போதே எனக்கு இது தெரியும். எழுதக்கூடாது என்று மச்சாள் சத்தியம் வாங்கினார். “அங்க இருந்து அவரால என்ன செய்ய ஏலும்? சுவத்துல முட்டிக்கத்தான் ஏலும்” என்றார். இன்று அவருக்குத் தெரியாமல், நான் படிப்பிக்கிற நேர்சரிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவர்களின் சின்ன மேசையில் வைத்து எழுதுகிறேன். சத்தியத்தை மீறிவிட்டேன். ஆனால் நாளைக்கு நீங்கள் வந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என் முகத்தை எங்கே வைப்பேன்?

மூன்று கிழமைக்கு ஒரு தரம் மருந்து ஏற்றுகிறார்கள். சாஹுல் ஹமீது நானா தன் த்ரீவீலில் பஸ் எடுக்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார். திரும்பி வரும்போது மச்சாளுக்கு வாந்தி வரும் என்று பழைய தினகரன் தாள்களைச் சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிறார்.

உங்களுக்காக மன்றாடுகிறேன். நீங்கள் எங்களுக்காக மன்றாடுங்கள்.

நிஷாந்தினி


29.10.2023

தங்கச்சி,

கடிதம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் எழுது. கட்டி எப்போது வந்தது? நான் இருக்கும்போதா, நான் போன பிறகா? எத்தனையாம் மாதம் என்று டொக்டரிடம் சொல்லியிருப்பாள். நீ பக்கத்தில்தானே இருந்திருப்பாய். எழுது.

நல்ல மருந்துகள் இருக்கின்றன என்று இங்கே ஒருவர் சொல்கிறார். அவருடைய அக்கா நான்காம் கட்டத்தில் எட்டு வருஷம் இருந்தாராம். அல்பொன்சாவிடம் சொல்லு. எட்டு வருஷம். நான் வருகிற வரைக்கும் காத்திருக்கச் சொல்லு. என்னை நினைத்துக் கட்டாயம் காத்திருக்கச் சொல்லு.

றொபின்சன்


கண்டக்குழி,
26.11.2023

அன்புள்ள அண்ணா,

கர்த்தர் உங்களுக்குத் துணை இருக்கட்டும். நாங்கள் இருக்கிறோம். சுகம் என்ற சொல்லை இந்தத் தரம் விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் மச்சாள் கையில் கொடுத்துவிட்டார். வாசிக்கத் தெரியாவிட்டாலும், கோணல் கோணலாக நீங்கள் எழுதியிருந்த விதத்திலேயே விளங்கிக்கொண்டார். “சொல்லிட்டியா?” என்று கேட்டார். ஓம் என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், எட்டு வருஷம் இருந்த அக்காவின் கதையை வாசித்துக் காட்டினேன். “அந்த மனுசிக்குப் புருசன் பக்கத்துல இருந்திருப்பார்” என்றார். காத்திருக்கச் சொன்ன இடத்தையும் வாசித்தேன்.

தலைமயிர் முழுக்கக் கொட்டிவிட்டது. சீப்பை வெளியே எறிந்துவிட்டார். பாண் துண்டைப் பிளேன்டீயில் நனைத்துக் கொடுத்தால் நாலு வாய் உண்பார். மீன் வாசம் ஆகவில்லை. கண்டக்குழியில் மீன் வாசம் இல்லாத இடத்துக்கு நான் எங்கே போவேன்? ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் சொல்ல ஒரு புதினம் இருக்கிறது. போன கிழமை வாந்தி நின்றதும் என் நேர்சரிக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இந்தத் தமிழ் எழுத்தக் காட்டித் தா.”

“எதுக்கு மச்சாள்? நான்தானே எழுதுறன்.”

“நீ எழுதுறது உன்ட கதை. அவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒண்டு இருக்கு. அது உன்ட கையால போகக்கூடாது.”

ஒரு நாளைக்கு மூன்று எழுத்து. நோவு கூடிய நாளில் ஒன்று. ல, ள, ழ மூன்றும் எதற்கு என்று என்னோடு ஒரே சண்டை. மருந்து ஏற்றிய நரம்பு கறுத்துப் போயிருக்கிறது, பேனை விரலில் இருந்து நழுவி விழுகிறது. என்றாலும் அந்த அரை மணித்தியாலம் அவர் முகம் நோயாளியின் முகமாக இல்லை. பிழை விட்ட பிள்ளையின் முகம். எனக்கு அது போதும் என்று இருக்கிறது.

நிஷாந்தினி


20.12.2023

தங்கச்சி,

உனக்கும் அவளுக்கும் நத்தார் வாழ்த்து. இங்கேயும் ஒரு குடில் கட்டுகிறார்கள். வைக்கோல் பரப்பும் வேலை எனக்கு.

அவள் எழுத்துப் படிக்கிறாள் என்று வாசித்துவிட்டு வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நான் இருந்த காலத்தில் அவளைக் கொண்டு ஒரு கையெழுத்துக் கூடத் தமிழில் வைப்பிக்க முடியவில்லை.

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று முதலில் நினைத்தேன். நீ எதையும் மறக்கிறவள் இல்லை. பதில் எழுதாமல் விட்டதிலேயே எனக்குப் பாதி விளங்குகிறது. நான் வீட்டில் இருக்கும்போதே கட்டி வந்திருக்கிறது. அப்படித்தானே? நான் அந்தப் பயணம் போகாமல் இருந்திருந்தால் மார்ச்சிலேயே டொக்டரிடம் போயிருப்பாள். ஐந்து மாதம் வீணாய்ப் போனது என்னால். எண்ணிப் பார்க்கிறேன், மறுபடி மறுபடி எண்ணுகிறேன். ஓம் என்றால் ஓம் என்று எழுது. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

றொபின்சன்


கண்டக்குழி,
14.01.2024

அன்புள்ள அண்ணா,

புது வருஷம் உங்களுக்காவது நல்லதாய் இருக்கட்டும்.

போன செவ்வாய் மகரகமவுக்குப் போனோம். படங்களைப் பார்த்துவிட்டு டொக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். மச்சாள் சிங்களத்தில், “உள்ளேயே சொல்லுங்க டொக்டர். வருத்தம் எனக்குத்தானே” என்றார். நல்ல மனிதர் அந்த டொக்டர். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொன்னார். இனி மருந்து ஏற்றுவதில் பிரயோசனம் இல்லை. ஈரலில் கூடிவிட்டது. நோவு தெரியாமல் வைத்திருக்கப் பார்ப்போம்.

“எத்தன மாசம்?”

“கணக்குச் சொல்ல என்னால ஏலாது. நிறைய இல்லை.”

மச்சாள் தலையாட்டினார். மதுரங்குளியில் பஸ் நின்றபோது உளுந்துவடை கேட்டார். ஆசையாகக் கடித்தார். புத்தளம் வருமுன் வாந்தி எடுத்துவிட்டார். “பரவாயில்ல, நாக்குக்குக் கிடைச்சிட்டுது” என்றார்.

மார்பில் புண் திறந்துவிட்டது. காலையிலும் மாலையிலும் கழுவித் துணி மாற்றுகிறேன். அந்த மணம் என் கையில் இருக்கிறது என்று நேர்சரியில் பிள்ளைகளைத் தூக்கவே பயமாக இருக்கிறது. அண்ணா, ஒன்று சொல்லவேண்டும். போன திங்கள் துணி ஒட்டிக்கொண்டு வராமல் அவர் கத்தினார். அந்த நேரம், ஆண்டவரே இவரை எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவருக்காக நினைத்தேனா, எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கூட இதை நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது. எனக்குப் பதில் தெரியும். டொக்டர் கேட்டபோது பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் எழுதமாட்டேன். உங்கள் கேள்வியை மச்சாளுக்கு வாசித்தேன். நீங்கள் எண்ணி எண்ணிப் பார்ப்பதாக எழுதியதையும் வாசித்தேன். “அத விடு. அதத்தான் நான் எழுத இருக்கிறன்” என்றார். “இன்னும் எத்தன எழுத்து இருக்கு?” என்று கேட்டார்.

நிஷாந்தினி


கண்டக்குழி
11.02.2024

அன்புல்ல றொபின்சன்

இது நான். அல்பொன்சா. நிஷாந்தினிய திருத்த விடல்ல. மூனு ல எனக்கு சரி வராது. ஒரே ல தான் போடுறன். சிரிக்க வேனாம். நீங்க சுகமா. நான் சுகம் இல்ல.

கேட்டதுக்கு பதில். கட்டி வந்தது நீங்க போக முந்தி. மாசி மாசம் குலிக்கக்குல கைக்கு பட்டிச்சு. கொட்டப்பாக்கு மாதிரி. நோகல்ல. உங்கலுக்கு சொல்ல இருந்தன். அந்த வெல்லிக்கிலம நீங்க கடலுக்கு வெலிக்கிடக்குல சொல்ல வந்தன். அப்பதான் பாத்தன் வலை அப்படியே கெடக்குது. மீனுக்கு போறவர் வலைய கரையில விட்டுட்டா போவார். எங்க போறீங்க என்டு கேட்டன். மீனுக்கு என்டீங்க. திரும்பியும் கேட்டன். திரும்பியும் மீனுக்கு என்டீங்க.

எனக்கு கோபம் வந்திச்சு. இவர் எனக்கு மறைச்சா நானும் மறைக்கிறன் என்டு நெனச்சன். சொல்லி இருந்தா நீங்க போக மாட்டீங்க. அது எனக்கு தெரியும். தெரிஞ்சிதான் சொல்லல்ல.

பொறகு உங்கல புடிச்சிட்டாங்க என்டு கத வந்திச்சு. அப்பயாவது போய் டொக்டருக்கு காட்டி இருக்கலாம். போகல்ல. எல்லாரும் என்ன பாக்கிற மாதிரி வெக்கம். பயம். அவர் வரட்டும் அவரோட போறன் என்டு இருந்தன். அஞ்சு மாசம்.

நீங்க எல்லாம் என்னால என்டு எண்ணிக்கிட்டு இருக்கீங்கலாம். எல்லாம் உங்கட இல்ல. பாதி என்ட. என்ட பாதிய நீங்க எடுக்க வேனாம்.

கை நோகுது. இத எலுத ரெண்டு கிலம போச்சு.

உங்கட பொஞ்சாதி
அல்பொன்சா


03.03.2024

அல்பொன்சா,

நீ சுகம் இல்லை என்று எழுதிவிட்டாய். அதனால் அதைக் கேட்கவில்லை. நீயே வாசிக்கவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன். நிஷாந்தினியிடம் கொடுக்காதே.

உன் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத் தந்தார். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சிரிக்கவில்லை. ஒரு எழுத்துக்குக் கூடச் சிரிக்கவில்லை.

நீ இரண்டு தரம் கேட்டாய். நான் இரண்டு தரம் பொய் சொன்னேன். உன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். நீ நம்பிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வேலை முடிந்தது என்று படகில் ஏறினேன். உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷம். ஒரு நாளும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

பாதி உன்னுடையது என்கிறாய். உன்னோடு வாதாடி நான் வென்றது இல்லை. சரி, வைத்துக்கொள். ஆனால் என் பொய் இல்லாவிட்டால் உன் கோபம் இல்லை. அதை மட்டும் எழுத விடு.

ஏப்ரல் ஐந்தாம் திகதி தீர்ப்பு. இருந்த காலம் போதும் என்று விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். எனக்காகக் காத்திரு என்று முன்பு எழுதினேன். அதை எழுதும்போது உன் நோவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். இருக்க முடிந்தால் இரு. முடியாவிட்டால் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே.

வந்தால் உன் காலடியில் உட்கார்ந்திருப்பேன். நீ எவ்வளவு ஏசினாலும் எழும்பமாட்டேன்.

றொபின்சன்


கண்டக்குழி,
31.03.2024

அன்புள்ள அண்ணா,

இன்று உயிர்ப்பு ஞாயிறு. வாழ்த்தோடு தொடங்கவேண்டிய நாள். எனக்கு முடியவில்லை.

பங்குச் சாமியார் சிறைக்குப் போன் எடுத்து அறிவித்தார். உங்களுக்குச் சொன்னார்களா என்று தெரியவில்லை. சொல்லியிருக்காவிட்டால் இதுதான் செய்தி. மச்சாள் போய்விட்டார். மார்ச் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கடைசி நேரம் நோவு பெரிதாக இல்லை. மோர்பின் கொடுத்திருந்தோம். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அடுத்த மூச்சுக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. அடுத்த நாள் அடக்கம் செய்தோம். லொட்ஜில் இருந்து எல்லோரும் வந்தார்கள். சாஹுல் ஹமீது நானா சவக்காலை வேலிக்கு வெளியே நின்று அழுதார்.

ஆனால் நான் எழுதவேண்டியது இது அல்ல. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது, அண்ணா. பத்தொன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. அவர் இருக்கும்போதே வந்தது.

உறையை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். “நீ அங்கால போ” என்றார். முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். அங்கே முணுமுணுப்புத்தான் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசித்தார். நடுவில் நித்திரையாகிவிடுவார். விழித்ததும் விட்ட இடத்தில் விரலை வைத்துத் தொடங்குவார். அன்று முழுக்கவும் வாசித்து முடியவில்லை. அடுத்த நாள், மருந்து எடுத்தால் கண் மங்குகிறது என்று காலைக் குளிசையை வேண்டாம் என்றார். நோவில் முகம் வேர்த்து ஊற்றியது. “நான் வாசிக்கட்டுமா மச்சாள்?” என்று கெஞ்சினேன். “எனக்கு வந்த கடிதம்” என்றார்.

புதன்கிழமை மத்தியானம் முடித்தார். நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. வாசிக்கவில்லை, வாசிக்கவும் மாட்டேன். அது அவரோடு பெட்டிக்குள் போய்விட்டது. மடித்து நெஞ்சின் வலது பக்கம், புண் இல்லாத பக்கம் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். அழவில்லை. பிறகு குளிசையைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“பதில் எழுதுறீங்களா மச்சாள்? கொப்பி தரட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம். எழுதி முடியாது. வந்தா கதைச்சுக்கலாம்” என்றார்.

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வேறு பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை.

ஏப்ரல் ஐந்தாம் திகதி தீர்ப்பு என்பதை மட்டும் மச்சாள் சொன்னார். அன்று விடுகிறார்களோ இல்லையோ, விடுகிற அன்று நேரே வாருங்கள். யார் முகத்தில் முழிப்பது என்று எங்காவது தங்கிவிடவேண்டாம். எட்டு மாதம் இந்த வீட்டில் நடந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். எனக்கும் உங்களோடு கதைக்க இருக்கிறது.

தங்கை,
நிஷாந்தினி